இரண்டாவது மதிப்பீட்டாளர்

கணவர்: ...இரு, இரு. உச்சம் இனிமேதான் வருது. 'இந்த ஆய்வாளர் நாவலை ஆராயவில்லை, அதைக் காதலிக்கிறார்.' எப்படி?

மனைவி: காலர்ல இஸ்திரிப் பெட்டி ஓடிட்டு இருக்கு. கையைச் சுட்டுக்குவேன். கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன்.

கணவர்: இங்கிலீஷ்ல இதைவிடக் கேவலமா இருக்கு. உங்களுக்காகத் தமிழ்ல, சர்க்கரை தடவிச் சொல்றேன்.

மகள்: காதலிச்சா என்னப்பா தப்பு?

கணவர்: ஆராய்ச்சியில காதல் கூடாது, டாக்டரம்மா. நீ உன் பல்லைப் பாரு.

மகள்: எங்கே பார்க்கிறது? நீங்க கத்துற கத்துல இந்த பிளாஸ்டிக் தாடையே ஆடுது. நாளைக்கு எனக்குப் பல் மருத்துவப் பரீட்சைன்னு இந்த வீட்டுல யாருக்காவது ஞாபகம் இருக்கா?

கணவர்: எனக்கும்தான் நாளைக்கு. நீ ஃபெயிலானா மறுபடி எழுதலாம். எனக்கு இது போனா அடுத்தது ரிட்டயர்மென்ட் மாலைதான்.

மகள்: அதுக்கும் இந்தக் காதல் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? பாதியில இருந்து கேக்கறேன், ஒண்ணும் புரியலை.

மனைவி: உங்கப்பா ஒரு கட்டுரை எழுதி ஜர்னலுக்கு அனுப்பியிருக்கார். ஏத்துக்கிட்டோம்னு அவங்க மெயில் போட்டாத்தான் நாளைக்குப் பேராசிரியர் இன்டர்வியூவுக்கு ரூமுக்குள்ளேயே விடுவாங்க. இல்லைன்னா வராண்டாவுல டீ குடிச்சுட்டுத் திரும்பணும்.

கணவர்: டீயும் தர மாட்டாங்க.

மகள்: அப்பாவுக்கு இல்லைன்னா யாருக்கு?

மனைவி: மேற்கோள் சாருக்கு.

மகள்: ஐயோ... அந்த விரலை மடக்குற அங்கிளா?

கணவர்: அவனேதான். 'குட் மார்னிங்'னு சொல்றதுக்கே காத்துல ரெண்டு பக்கமும் விரலை மடக்கி மேற்கோள்குறி போடுவான். ஏன்டான்னா, காலைங்கறதும் ஒரு கட்டமைப்பாம். அவனுக்குக் கீழ நான் போய் உக்காரணுமா?

மனைவி: உக்காருங்க. நாற்காலியும் ஒரு கட்டமைப்புதான்.

கணவர்: பார்த்தியா குட்டி, உங்கம்மாவுக்கு எவ்வளவு இளக்காரம்னு?

மனைவி: எனக்கு என்ன இளக்காரம்? இந்தச் சட்டையோட சுருக்கம் போகலைங்கற கவலைதான். உள்ளே விட்டாலும் விடாட்டாலும் சட்டை நேரா இருக்கணும்ல?

மகள்: சரி, இந்தக் காதல்னு எழுதின ஆள் யாரு? நேர்ல போய் கால்ல விழுந்துடலாமே.

கணவர்: யாருன்னு தெரியக் கூடாது. அதான் முறை. கட்டுரையில என் பேரை எடுத்துட்டு ரெண்டு பேருக்கு அனுப்புவாங்க. எழுதினது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, படிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது.

மகள்: முகமூடி போட்டுட்டு அடிச்சுக்கறீங்க.

மனைவி: அடிக்கிறவங்களுக்குத்தான் முகமூடி. வாங்கறவருக்கு வலிக்கும்ல, அது யாருன்னு வீட்டுக்குத் தெரிஞ்சுடுது.

மகள்: ரெண்டு பேர்னா, இன்னொருத்தர் என்ன சொன்னார்?

கணவர்: முதல் மதிப்பீட்டாளர் ஒரு தங்கம். ஒரே வரி. 'சிறப்பான கட்டுரை, அப்படியே வெளியிடலாம்.'

மனைவி: படிக்கவே இல்லைன்னு அர்த்தம்.

கணவர்: ஏன், நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாதா?

மனைவி: நம்ம துறையில ஒருத்தன் படிச்சிருந்தா ஒரு கமாவையாவது திருத்தியிருப்பான். திருத்தாம விட்டான்னா ஃபைலைத் திறக்கலைன்னு அர்த்தம். அவன் வீட்டுலயும் இன்னைக்கு யாராவது சட்டை தேய்ச்சுட்டு இருப்பாங்க.

கணவர்: இந்த ரெண்டாவது ஆள்தான் விஷம். ஜர்னல் ஆசிரியர்கிட்ட போன்ல பேசினேன். ரெண்டாவது ஆள் சாயங்காலத்துக்குள்ள 'சரி'ன்னு ஒரு வரி அனுப்பிட்டா, உடனே மெயில் போட்டுடறேன்னார். ஒரே ஒரு வரி!

மனைவி: அனுப்புவாங்களா?

கணவர்: அதான் எனக்கும் தெரியணும். நீ என்ன நினைக்கிறே? நீயும் அந்த மாதிரி நாலு ஜர்னல்ல உக்காந்து ஊர்க்காரன் கட்டுரையெல்லாம் கிழிக்கிறவதானே.

மனைவி: நான் எதுக்கு நினைக்கணும்? எனக்குத் தெரியாத ஆள்.

கணவர்: ஓஹோ... தெரியாத ஆள்.

மனைவி: படிங்க, படிங்க. மிச்சத்தையும் படிச்சுட்டு நிம்மதியா குளிக்கப் போங்க.

கணவர்: கேளு. 'ஓரம் விட்டு ஒழுங்காகத் தட்டச்சு செய்யக்கூட இந்த ஆய்வாளர் கற்கவில்லை.'

மகள்: தட்டச்சா? அப்பா, இந்த ஆளு எந்தக் காலத்துல இருந்து எழுந்து வந்திருக்கார்?

கணவர்: அதைத்தான் நானும் கேக்கறேன். எந்த மியூசியத்துல பிடிச்சாங்களோ! கம்ப்யூட்டரே தானா ஓரம் விடுது. நான் எங்கே போய் விடறது?

மனைவி: பழைய ஆளுங்க பழைய வார்த்தையைத்தான் எழுதுவாங்க.

கணவர்: நீ எதுக்கு அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்கறே?

மனைவி: வாங்கலை. கையைத் தூக்குங்க... சட்டையை உங்க மேல வெச்சுப் பார்க்கணும். கை நீளம் குட்டையாயிடுச்சா, நீங்க நீண்டுட்டீங்களா?

கணவர்: சட்டையை விடு. இதைக் கேளு, இது இன்னும் பிரமாதம். 'இளம் வயதின் மிகையுணர்ச்சி பக்கத்துக்குப் பக்கம் வழிகிறது.'

மகள்: இளம் வயசா! யாருக்கு? உங்களுக்கா!

கணவர்: சிரி. நல்லா சிரி.

மகள்: இல்லப்பா, போன வாரம்தானே உங்களுக்கு ரெண்டு கடைவாய்ப் பல்லும் ஆடுதுன்னு சொன்னேன். அந்த ஆளுக்கு வாயைக் காட்டியிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டார்.

மனைவி: எழுத்துல வயசு தெரியாதுடி. சில பேர் பல்லு போன பிறகும் இளமையா எழுதுவாங்க. உங்கப்பா எழுத்துல என்னைக்குமே வழிஞ்சதில்லையே... அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு.

கணவர்: என்ன ஆச்சரியம்?

மனைவி: நீங்க இங்கிலாந்து நாவல் பாடம் எடுக்கிறவர். கோச்சு வண்டி, உயில், அத்தை வீட்டுத் தோட்டம்னு காலம் தள்ளினவர். திடீர்னு அமெரிக்க நாவலுக்கு எப்ப கப்பல் ஏறினீங்க?

கணவர்: தியரிக்கு ஏதும்மா எல்லை? எந்தப் பிரதியா இருந்தா என்ன?

மனைவி: எப்ப எழுதினீங்க? வீட்டுல நீங்க எழுதி நான் பார்க்கலை. டி.வி. ரிமோட்டைத் தவிர உங்க கையில எதையும் பார்க்கலை.

கணவர்: காலேஜ்ல. ஃப்ரீ பீரியட்ல.

மகள்: அந்த நாவல் என்ன கதைப்பா?

கணவர்: கதைன்னா... கதைன்னு தனியா ஒண்ணும் கிடையாது.

மகள்: கதையே இல்லாத நாவலா?

கணவர்: நீங்கள்லாம் கதையைத் தேடியே கெட்டுப் போனீங்க. கதைங்கறது வாசகனோட ஒரு எதிர்பார்ப்பு. அதைக் கட்டுடைக்கணும்.

மனைவி: சுரங்க ஊரு. பனி கொட்டுற ஊரு. ஒருத்தி வீட்டுல சுரங்கத் தொழிலாளிங்களுக்குச் சாப்பாடு போட்டு, தங்க இடமும் கொடுக்கிறா. புருஷன் இல்லை. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் மாடிப்படியில பாதி ஏறி, நடுவுல உக்காந்துடுவா. அவ்வளவுதான் கதை.

மகள்: இவ்வளவு தெளிவா சொல்றே. அப்பா ஏன் மூச்சு வாங்கறார்?

கணவர்: உங்கம்மா அமெரிக்க இலக்கியம் எடுத்தவ. அவளுக்கு இதெல்லாம் காய் நறுக்கற மாதிரி.

மனைவி: எடுத்தவ இல்லை. எடுத்துட்டு விட்டவ. இப்ப நான் தியரி மட்டும்தான். நாவலைத் தொட்டுப் பல வருஷம் ஆச்சு.

கணவர்: சரி, இதைக் கேளு. என் கட்டுரையில இருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு, அதைக் குதறியிருக்கார் அந்த மகானுபாவர். 'மேலே போனால் படுக்கை, கீழே போனால் பாத்திரம்...'

மனைவி: '...நடுப்படியில் மட்டும்தான் அவள் யாருக்கும் எதுவும் இல்லை.'

மகள்: அம்மா?

மனைவி: என்ன?

மகள்: அப்பா இன்னும் அதைப் படிக்கவே இல்லையே.

மனைவி: ஏற்கெனவே ஒரு தடவை படிச்சார். நீ பல்லுக்குள்ள தலையை விட்டுட்டு இருந்தே.

கணவர்: இல்லை. இந்த வரியை இப்பதான் முதல் தடவை படிக்கிறேன்.

மனைவி: அப்ப ஊகம். இவ்வளவு வருஷம் பாடம் எடுக்கிறேன், ஒரு வரி எப்படி முடியும்னு தெரியாதா?

கணவர்: பிரமாதமான ஊகம். இங்கிலீஷ்ல இருக்கிற அதே அர்த்தம், ஒரு வார்த்தை விடாம.

மகள்: நல்லாத்தானே இருக்கு அந்த வரி. அதுல என்ன தப்பு கண்டுபிடிச்சாராம்?

கணவர்: 'இது ஆய்வு அல்ல, வார இதழ் வாசகியின் பெருமூச்சு.'

மகள்: சே, என்ன ஆளு! அம்மா, நீ சொல்லு, அந்த வரி நல்லா இல்லை?

மனைவி: தண்ணி தெளிக்கணும். அந்த பாட்டிலை எடு.

கணவர்: பதில் சொல்லு. நல்லா இருக்கா, இல்லையா?

மனைவி: மதிப்பீட்டாளர் சொல்லிட்டாரே. நான் என்ன சொல்றது?

கணவர்: எனக்கென்னவோ இந்த ஆளு வாழ்க்கையில எதையோ பறிகொடுத்த ஆளுன்னு தோணுது. ஒரு வரியைப் படிச்சுச் சந்தோஷப்படத் தெரியாத ஜன்மம். காலையில எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்து 'ஆதாரம் என்ன?'ன்னு கேக்கற ஆளு.

மனைவி: இருக்கலாம்.

கணவர்: வீட்டுலயும் இப்படித்தான் இருக்கும். புருஷன் ஆசையா ஒரு வார்த்தை சொன்னா அடிக்குறிப்பு கேக்கும்.

மகள்: புருஷனா? அப்ப பொம்பளையா அந்த ஆளு? இப்பதானே யாருன்னு தெரியாதுன்னீங்க?

கணவர்: ...சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மனைவி: உங்க பேச்சுக்கு அடிக்குறிப்பு இருக்கும் போலிருக்கே. சொல்லுங்க. முகமூடியைக் கழட்டிடுங்க.

கணவர்: நீ கழட்டு.

மனைவி: நான் எதுக்கு?

கணவர்: ரெண்டாவது மதிப்பீட்டாளர் நீதான்.

மகள்: என்னது!

கணவர்: முதல்ல இருந்தே தெரியும். இவ்வளவு நேரம் உன் முகத்துக்கு நேரா உன் ரிப்போர்ட்டையே படிச்சேன். ஒரு தடவையாவது வெட்கப்படுவேன்னு பார்த்தேன். கல்லு மாதிரி காலர் தேய்க்கிறே!

மகள்: அம்மா, நிஜமாவா?

மனைவி: ஆமா. நான்தான்.

மகள்: அப்பாவைப் போய்... வாசகியின் பெருமூச்சுன்னு...

மனைவி: பேர் இல்லாம வந்தது. படிச்சேன். எழுதி அனுப்பினேன். முறைப்படி.

கணவர்: முறைப்படியாம்! உன் பேரை அங்கே யார் கொடுத்தாங்கன்னு தெரியுமா?

மனைவி: யாரு?

கணவர்: நான். கட்டுரை அனுப்பும்போது, இதைப் படிக்கத் தகுதியானவங்க யாருன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல உன் பேரைப் போட்டேன். வேற காலேஜ், உங்கப்பா இனிஷியல். நீ என் பொண்டாட்டின்னு அந்த ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

மனைவி: அதுவும்... நீங்கதானா?

கணவர்: நானேதான். நம்ம ஆளு கையில போனா நல்லபடியா முடியும்னு நினைச்சேன். நீ நெருப்பு வெச்சுட்டே.

மகள்: ரெண்டு பேரும் படிச்சவங்கதானா? எங்க ஹாஸ்பிட்டல்ல இப்படிச் செஞ்சா கோட்டைக் கழட்டி அனுப்பிடுவாங்க.

கணவர்: நீ சும்மா இரு. ஏம்மா... நடந்தது நடந்துடுச்சு. இப்ப தெரிஞ்சுடுச்சுல்ல, என்னோடதுன்னு? லேப்டாப்பை எடு. ஒரே வரி. 'மறுபடி படித்தேன், திருப்தி.' முடிஞ்சுது. நாளைக்கு அந்த விரல்காரன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு!

மனைவி: முடியாது.

கணவர்: என்ன முடியாது?

மனைவி: மாத்த முடியாது.

கணவர்: விளையாடாதே.

மனைவி: சட்டை தேய்ச்சாச்சு. பேன்ட் எந்தது?

கணவர்: பேன்ட்டா இப்ப முக்கியம்! நான் வருஷக்கணக்கா காத்திருந்த பதவிம்மா. நீ நேத்து வந்த பசங்களுக்கெல்லாம் பாவம் பார்த்து பாஸ் போடறவ. கட்டின புருஷனுக்கு ஒரு வரி போட மாட்டியா?

மனைவி: பசங்க அவங்களே எழுதறாங்க. தப்பா எழுதினாலும் அவங்க தப்பு.

கணவர்: அப்படின்னா?

மனைவி: அப்படின்னா ஒண்ணுமில்லை. சரி, ஒரு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லுங்க. இப்பவே மாத்தி அனுப்பறேன். குட்டி, நீ சாட்சி.

மகள்: ஆஹா. வைவாவா? கேளும்மா.

கணவர்: வீட்டுல எனக்கு வைவாவா?

மனைவி: பயமா?

கணவர்: எனக்கென்ன பயம்? கேளு.

மனைவி: தினமும் ராத்திரி அந்த நடுப்படியில உக்கார்றாளே... கடைசி அத்தியாயத்துல அங்கிருந்து அவ எழுந்து ஓடறா. ஏன்?

கணவர்: ...கட்டுரையில அது வரலையே.

மனைவி: கட்டுரையில வராது. நாவல்ல வரும்.

கணவர்: அது வந்து... அந்தப் படிங்கறது ஒரு இடைவெளி. அதிகாரத்துக்கும் உழைப்புக்கும் நடுவுல இருக்கிற ஒரு... ஒரு விளிம்பு. அதுல இருந்து எழுந்திருக்கிறது ஒரு மீறல். உடம்புங்கற பிரதி தன்னைத் தானே மறுபடி எழுதிக்கிற ஒரு அரசியல்... தருணம்.

மகள்: எனக்குப் புல்லரிக்குது. சரியாம்மா?

மனைவி: வீடு தீப்பிடிச்சுடுச்சுங்க. அதான் எழுந்து ஓடினா.

மகள்: அப்பா!

கணவர்: அது... தீயும் ஒரு குறியீடுதான்...

மனைவி: தீயணைக்க வந்தவன்கிட்ட போய்ச் சொல்லுங்க.

மகள்: ஒரு பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி நாங்க வாயையாவது திறக்கச் சொல்லுவோம்பா. நீங்க நாவலைத் திறக்கவே இல்லையா?

கணவர்: எவன்டி திறக்கிறான்? சொல்லு, எங்க டிபார்ட்மென்ட்ல எவன் முழுசா படிக்கிறான்? அந்த மேற்கோள் படிச்சிருக்கானா? கடைசியா அவன் முழுசா படிச்சது அவனோட கல்யாணப் பத்திரிகை. முன்னுரை ரெண்டு பக்கம், பின்னட்டை, யாராவது எழுதின தியரி... அதை வெச்சு இது, இதை வெச்சு அது. எல்லாரும் அப்படித்தான் ஓட்டறோம். உங்கம்மா மட்டும் என்ன? வருஷம் பூரா 'எழுதினவன் செத்துட்டான், இனி பிரதி படிக்கிறவனோடது'ன்னு தியரி பாடம் எடுக்கிறா.

மனைவி: செத்துட்டான்னு சொல்றது புத்தகத்தைப் படிக்கிறதுக்கு ஒரு வழி. அவன் பையைத் துழாவறதுக்கு இல்லை.

கணவர்: யார் பையை யார் துழாவினது?

மனைவி: பொதுவா சொன்னேன்.

கணவர்: பொதுவா... சரி. அப்ப மாத்த மாட்டே.

மனைவி: மாட்டேன்.

கணவர்: உன்னோட கடைசி வார்த்தையா?

மனைவி: கடைசி வார்த்தை ரிப்போர்ட்லயே இருக்கு. இன்னும் படிக்கலையா? படிங்க, குட்டியும் கேக்கட்டும்.

கணவர்: படிக்கிறேன். 'இதை எழுதியவர் இலக்கிய ஆராய்ச்சியை விட்டுவிட்டு, தமக்குப் பொருத்தமான வேறு வேலையைத் தேடிக்கொள்வது அவருக்கும் இலக்கியத்துக்கும் நல்லது.' போதுமா? நல்லா இருக்கா? இதைத்தான் மாத்த மாட்டேங்கறே?

மனைவி: ஆமா.

கணவர்: நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சொல்ல வெச்சுட்டே.

மகள்: வேணாம்பா... உங்க முகமே சரியில்லை.

கணவர்: இல்லடி, நீயும் கேளு. உங்கம்மா பெரிய விமர்சகி. நாலு ஜர்னல்ல தராசு பிடிக்கிறவ. இதுல ஒரு வரிகூட தேறாதுன்னு எழுதியிருக்கா இல்ல? இந்தக் கட்டுரையில நான் எழுதினது தலைப்பும், கடைசியில இருக்கிற நூற்பட்டியலும்தான்.

மகள்: மிச்சம்?

கணவர்: மிச்சம் எல்லாம் உங்கம்மா எழுதினது!

மகள்: என்னப்பா உளர்றீங்க?

கணவர்: மாடியில பைப் ஒழுகினப்போ பரண்ல இருந்த பெட்டியெல்லாம் இறக்கினோம்ல? அதுல இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாடி இவ எம்.ஃபில்லுக்கு எழுதின ஆய்வேடு. எந்த லைப்ரரியிலயும் கிடையாது, எந்த சாஃப்ட்வேர்லயும் சிக்காது. வரிக்கு வரி நானே டைப் அடிச்சேன். ஒரு வார்த்தை மாத்தலை.

மகள்: அப்பா... அது திருட்டு.

கணவர்: வீட்டுக்குள்ள என்னடி திருட்டு? இவ சம்பளத்துல நான் சாப்பிடலையா, என் சம்பளத்துல இவ சாப்பிடலையா? நான் என்ன நினைச்சேன் தெரியுமா? கண்டுபிடிச்சா சிரிப்பா. கண்டுபிடிக்கலைன்னா கண்டிப்பா பிடிக்கும். யாருக்குத் தன் எழுத்து பிடிக்காது? ரெண்டு பக்கமும் எனக்கு ஜெயம்னு கணக்குப் போட்டேன்.

மகள்: அம்மா... ஏதாவது பேசும்மா.

கணவர்: என்ன பேசுவா? பெத்த பிள்ளையை ரோட்டுல பார்த்து, யாரு வீட்டுக் கழுதைன்னு கேட்ட மாதிரி இருக்கு. வழியுதாம், பெருமூச்சாம், தட்டச்சு தெரியலையாம்! தன் எழுத்தே தனக்கு அடையாளம் தெரியாத அளவுக்குத் தியரி படிச்சவ! இப்ப சொல்லு, யாரு வேற வேலை பார்க்கணும்? மரியாதையா லேப்டாப்பை எடு. இல்லைன்னா நீ உன்னையே ரிஜெக்ட் பண்ணின கதை வெளியில தெரிஞ்சா, ஊரெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்கும். என்ன... தெரியவே இல்லையா உனக்கு? ஒரு இடத்துலகூடவா தெரியலை?

மனைவி: முதல் வரியிலேயே தெரிஞ்சுதுங்க. நான் எழுதினது எனக்குத் தெரியாதா? யார் அனுப்பியிருப்பாங்கன்னும் அப்பவே தெரிஞ்சுது, அந்தப் பரண் பெட்டி நம்ம வீட்டைத் தவிர வேற எங்கேயும் இல்லையே. ஆனா அது ஆய்வேடுன்னு சொன்னீங்க பாருங்க, அது தப்பு. அது ஆய்வேடாகவே இல்லை. என் ஆராய்ச்சி கைடு அதை நிறுத்திட்டார். தட்டச்சு, இளம் வயசு, பெருமூச்சு, வேற வேலையைப் பாருன்னு... எல்லாம் அவர் அன்னைக்கு எனக்கு எழுதிக் கொடுத்தது. அதைப் படிச்சுட்டுத்தான் அந்த நாவலை மூடினேன். அவருக்குப் பிடிச்ச மாதிரி தியரியா வேற ஒண்ணு எழுதிப் பட்டம் வாங்கினேன். ஒரு எழுத்து மறக்கலை எனக்கு. அந்த ரிப்போர்ட்ல என் வார்த்தைன்னு ஒண்ணுகூட கிடையாது. என் எழுத்தை எடுத்துக்கிட்டீங்க... அதுக்கு நான் வாங்கின ஏச்சை மட்டும் நான் எதுக்கு வெச்சிருக்கணும்? அதையும் உங்களுக்கே அனுப்பிட்டேன்.